பைனரி தேடல் என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு வேகம்?

வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட, முதலில் நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும். தேடுவது அதைவிடச் சிறியதா பெரியதா என்று தெரிந்ததும் தேவையில்லாத பாதியை அப்படியே ஒதுக்கிவிட்டு, மிச்சப் பாதியில் மறுபடி இதையே செய்ய வேண்டும். அவ்வளவுதான் பைனரி தேடல்.

தேர்வு மையத்தில் ஒவ்வொரு அறை வாசலிலும் பதிவெண் தாள் ஒட்டியிருப்பார்கள் இல்லையா? நடு அறையின் தாளைப் பார்த்தாலே இடது பக்கம் போவதா வலது பக்கமா என்று தெரிந்துவிடும். முதல் அறையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருபவர் மணி அடித்த பிறகும் வராண்டாவில்தான் இருப்பார்.

சரி, வேகம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தடவையும் பாதி போய்விடுவதால்தான். 1,000 பெயர்களில் தேட அதிகபட்சம் 10 தடவை பார்த்தால் போதும். 10 லட்சம் பெயர்களுக்கு 20 தடவை. பட்டியல் 20 லட்சமாக வளர்ந்தால்? ஒரே ஒரு தடவை கூடுதல்! எனக்கு இன்னமும் வியப்பாக இருப்பது இதுதான்.

யோசனை எளிது, எழுதும்போதுதான் வழுக்கும். ஜாவா என்ற கணினி மொழியுடன் வரும் பைனரி தேடல் நிரலிலேயே ஒரு பிழை பல ஆண்டுகள் இருந்து 2006-இல்தான் வெளியே தெரிந்தது. நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளின் இட எண்களையும் கூட்டிப் பாதியாக்குவார்கள்; பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை கணினி ஒரு எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தில் கொள்ளாமல் மைனஸ் எண்ணாகிவிடும்.

'எந்தப் பட்டியலானாலும் பைனரி தேடல்தான் வேகம்' என்று பலர் நினைக்கிறார்கள். கலைந்து கிடக்கும் பட்டியலில் ஒரே ஒரு முறை தேட வேண்டுமென்றால், அதை வரிசைப்படுத்தும் வேலையைவிட முதலிலிருந்து பார்த்துக்கொண்டே போவதுதான் சீக்கிரம் முடியும்.