வாசகர் கேள்விகள்: கட்டிக் கொடுத்தால் போதுமா?

பள்ளி, ஆஸ்பத்திரி, ஆராய்ச்சி எல்லாம் அரசாங்கத்தின் வேலை. வரி வாங்குவதே அதற்குத்தானே? இடையில் இந்த அறக்கட்டளைகள் எதற்கு?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

அரசாங்கத்தின் வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதுவரை யாரும் செய்து பார்க்காத ஒரு காரியத்துக்கு அரசாங்கம் லேசில் பணம் ஒதுக்காது, ஃபைல் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டே இருக்கும். 1944-ல், சுதந்திரத்துக்கும் முன்பே, இயற்பியல் விஞ்ஞானி ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களை வெளிநாட்டில் தேடக் கூடாது, அவர்கள் இங்கேயே தயாராக இருக்க வேண்டும் என்று. அடுத்த வருஷமே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்துவிட்டது. மும்பையில் 1941-ல் டாடா அறக்கட்டளைப் பணத்தில் திறந்த புற்றுநோய் மருத்துவமனையை 1957-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

நம் பக்கத்தில் காரைக்குடியைப் பாருங்கள். வானம் பார்த்த அந்தச் செட்டிநாட்டுச் சீமைக்கு ஒரு தேசிய ஆய்வுக்கூடம் வர வேண்டும் என்று வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. செட்டியார் ஐம்பது வயதுகூட ஆகாமல் 1957-ல் காலமாகிவிட்டார். நிலையம் இன்றும் நடக்கிறது என்றால், அது மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் கையில் இருப்பதாலும் மாதாமாதம் அரசாங்கப் பணம் வருவதாலும்தான். இரண்டு பேரும் இல்லாமல் அது நடந்திருக்காது.

கம்பெனிகள் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) என்று கொடுப்பதும் தர்மக் கணக்கில் சேருமா?
- ஒரு வாசகி, ஓசூர்

சேராது. அது சட்டம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்று அதிலேயே இருக்கிறது, அதனால் ஆலையே இல்லாத ஏழை மாவட்டத்துக்கு இந்தப் பணம் போய்ச் சேருவது கஷ்டம். அப்புறம், பள்ளிக்கூடத்தில் பளபளவென்று கழிப்பறை கட்டி, பெயர்ப் பலகை மாட்டி, திறப்பு விழாவும் நடத்திவிடுவார்கள். ஆறு மாதத்தில் மோட்டார் காயில் எரிந்துபோனால் யார் சரிசெய்வது, தினமும் கழுவிவிடுகிற அம்மாவுக்குச் சம்பளம் யார் தருவது? அதற்குப் பதில் இருக்காது, கதவைப் பூட்டிவிடுவார்கள், பெண் பிள்ளைகள் பழையபடி வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பணம் கட்டக்கூடியவர்களிடம் வாங்கும் கட்டணத்திலேயே இல்லாதவர்களுக்கும் கண்புரை ஆபரேஷன் நடக்கிறது. ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால், 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையும் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஓய்வூதியத்தில் கொஞ்சம் நன்கொடை கொடுக்க ஆசை. எதை நம்பிக் கொடுப்பது?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பக்கத்தில், நீங்களே நேரில் போய்ப் பார்க்கக்கூடிய அறக்கட்டளையாகப் பாருங்கள் ஐயா. தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கிடையாது, அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். கட்டடத்துக்கு என்று கேட்டால், அதை அடுத்த வருஷம் நடத்த யார் பணம் தருவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கோ மாத்திரைச் செலவுக்கோ மாதம் இவ்வளவு என்று கொடுங்கள். அந்தப் பணம் கிடைப்பதுதான் அவர்களுக்குக் குதிரைக் கொம்பு.