காலர் மெஷின் ஆன்ட்டி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீனிக்ஸில் பள்ளிச் சீருடை தைக்கும் சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். 32 பேர் வேலை பார்க்கிறார்கள். டிப்ளமா படித்த இரண்டு பேரை ஒரே வருஷத்தில் சூப்பர்வைசராக எடுத்தேன். ஒருவர் மூன்று மாதத்தில் போய்விட்டார். இன்னொருவர் பேச்சைப் பெண்கள் கேட்பதில்லை. என்ன சந்தேகம் வந்தாலும் எல்லாரும் காலர் தைக்கும் ஆன்ட்டியிடம்தான் போய் நிற்கிறார்கள். அவர் 19 வருஷமாக இருப்பவர், மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்காதவர். திறமையான ஆளை எங்கே தேடுவது?

பதில்: தம்பி, கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே பதிலை எழுதிவிட்டீர்கள்.

அந்த ஆன்ட்டியிடம் ஏன் போகிறார்கள் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தீர்களா? நான் ஒரு தையல் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதிய காலத்தில் இப்படி ஒருவர் இருந்தார். நாலு மெஷின் தள்ளி 'டொக் டொக்' என்று சத்தம் மாறினால், தலை நிமிராமலே "ஊசி மழுங்கிடுச்சு, மாத்து" என்பார். துணி ஓட்டை விழாமல் தப்பும். புதுப் பெண் தோளை இறுக்கிக்கொண்டு தைத்தால் எழுந்து போய் அவள் நாற்காலியைச் சரிசெய்துவிட்டு வருவார். சூலு பேசும் பெண்களுக்கு சூலுவிலேயே சொல்லிக் கொடுப்பார். அவர் பெயருக்கு நேரே நான் எழுதியது 'மெஷினிஸ்ட்', அவ்வளவுதான். முதலாளி வெளியாள் ஒருவரை அவருக்கு மேலே கொண்டுவந்தார். அந்த மெஷினிஸ்ட் சண்டை போடவில்லை. ஊசிச் சத்தத்தைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன? 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை பதிந்து வைத்தார்கள். யாருக்கு எந்த வேலை கைவரும் என்று கேட்டா கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்?

சரி, அதற்காக நாளைக்கே ஆன்ட்டியைப் பிடித்து சூப்பர்வைசர் ஆக்கிவிடாதீர்கள். கைத்திறன் உள்ளவர் எல்லாருக்கும் ஆளை மேய்க்கப் பிடிக்கும் என்பதில்லை. முதலில் கேளுங்கள். மூன்று மாதம் ஒரு வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பிடிக்காவிட்டால் தன் மெஷினுக்கே திரும்பலாம் என்று எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம்: மெஷினை விட்டு எழுந்தால் அவருக்கு உற்பத்தி போனஸ் போய்விடும். அதை ஈடுகட்டாமல் கொடுக்கும் பதவி உயர்வுக்குப் பெயர் சம்பளக் குறைப்பு. டிப்ளமா பையனையும் விரட்ட வேண்டாம். தினசரி ரிப்போர்ட், ஆர்டர் கணக்கு அவனுக்குக் கைவந்த கலையாக இருக்கலாம். அவன் அதை ஆன்ட்டிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். காலர் ஏன் சுருங்குகிறது என்று அவரிடம் கற்றுக்கொள்ளட்டும்.

மெட்ரிக் இல்லை என்பதற்கும் வழி இருக்கிறது. இங்கே ஆர்.பி.எல். என்பார்கள்: வேலையில் கற்றதைச் சோதித்துப் பார்த்துத் தகுதி வழங்குவது. வருஷத்துக்கு மொத்தமாக 5 லட்சம் ரேண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் முதலாளிகள் அதில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு வரி கட்டுகிறார்கள். 32 பேர் என்றால் நீங்களும் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். பயிற்சித் திட்டத்தை உங்கள் துறைக்கான செட்டாவில் (துறைவாரியாகப் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பு) கெடுவுக்குள் கொடுத்தால் ஒரு பங்கு திரும்பி வரும். கொடுத்தீர்களா என்று கணக்கரிடம் இன்றே கேளுங்கள். நிறையப் பேர் அந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், பேசுவதற்கு ஆன்ட்டியை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பாதீர்கள். இந்த 19 வருஷத்தில் அந்த அறைக்கு அவரை எதற்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காலர் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நீங்கள் போய் உட்காருங்கள்.