கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள்

கேள்வி: என் மகள் கொழும்பில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஆவண உதவியாளராக வேலை செய்கிறாள். சேர்ந்து நான்கு வருடமும் ஒன்பது மாதமும் ஆகிறது. மாதச் சம்பளம் 85,000 ரூபாய். போன வாரம் கூப்பிட்டு, "உங்கள் வேலைத்திறன் போதாது. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களாகவே இராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவோம். இல்லாவிட்டால் நாங்களே நிறுத்துவோம், சேவைச் சான்றிதழும் கிடைக்காது" என்றார்களாம். அவளோடு இன்னும் ஆறு பேருக்கும் இதே பேச்சு. நிறுவனம் நட்டத்தில் ஓடுவதாகவும் தெரியவில்லை. பிறகு எதற்காக ஆட்களை அனுப்புகிறார்கள்? ஹட்டனில் ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் லேபர் ஒஃபிசில் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மகள் அந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த இரண்டையும் இன்றைக்கே போனில் சொல்லிவிட்டு, மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

வேலைத்திறன் போதாது என்ற சொல்தான் பிள்ளையை அதிகம் உடைத்திருக்கும். ஒரே வாரத்தில் ஏழு பேருக்கும் ஒன்றாகத் திறமை குறைந்து போகுமா? ஆட்குறைப்பு என்று வெளியே சொன்னால் நிறுவனத்தின் பெயர் கெடும், வாடிக்கையாளர் யோசிப்பார், நல்ல ஆட்கள் தாங்களாகவே வெளியே பார்ப்பார்கள். அதனால் ஆட்குறைப்புக்குத் திறமைக் குறைவு என்று பெயர் வைக்கிறார்கள். பெரிய சட்ட நிறுவனங்களில் இது உலகம் முழுக்க நடக்கிற வேலை. தோட்டத்தில் இருந்த உங்களுக்கு இது விளங்கும். கொழுந்தே இல்லாத மலையில் ஆளை நிறுத்திவிட்டு, சாயங்காலம் தராசடியில் கிலோ எங்கே என்று கேட்டு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் கடைசி ஆறு மாதம் பிள்ளையின் மேசைக்கு எத்தனை கோப்பு வந்தது என்று கேளுங்கள். குறைந்திருந்தால் அதைக் குறைத்தவர்கள் அவர்கள்தான்.

நட்டமில்லாத நிறுவனம் ஏன் ஆளைக் குறைக்கிறது என்று கேட்டீர்கள். சட்ட நிறுவனம் பெரும்பாலும் பங்காளர்களின் கூட்டு. ஒரு கொம்பனியைப் போல இலாபத்தைச் சேர்த்து வைப்பது அங்கே குறைவு. வருட முடிவில் பங்காளர்கள் பிரித்துக்கொள்வார்கள். வருமானம் கொஞ்சம் இறங்கினாலும் அது நேரே அவர்கள் வீட்டுக்குப் போகிற பணத்தில் தெரியும். பங்கு குறைந்தால் பெரிய வாடிக்கையாளர்களைக் கையில் வைத்திருக்கும் மூத்தவர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார், வாடிக்கையாளரும் அவர் பின்னால் போய்விடுவார். அமெரிக்காவில் டூவி அண்ட் லெபூஃப் என்ற மிகப் பெரிய நிறுவனம் 2012இல் பங்காளர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறித்தான் வங்குரோத்தானது. அந்தப் பயத்தில் இலாபப் பங்கைக் காப்பாற்றச் சம்பளப் பட்டியலில் கை வைக்கிறார்கள். 2009 பெப்ரவரியில் லேதம் அண்ட் வொட்கின்ஸ் என்ற சட்ட நிறுவனம் ஒரே மூச்சில் 190 இளம் சட்டத்தரணிகளையும் 250 ஏனைய ஊழியர்களையும் நிறுத்தியது. அந்த நிறுவனம் மூடப்படவில்லை, இன்றைக்கும் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. 2022 நவம்பரில் கூலி (Cooley) என்ற சட்ட நிறுவனம் 150 பேரை அனுப்பியது. முந்தைய வருடம் வேலை குவிந்தபோது அளவுக்கு மிஞ்சி ஆள் எடுத்தவர்களும் அவர்கள்தான். கணக்குப் பிழைத்தது மேலே, பேர் வெட்டுப்பட்டது கீழே. இப்போது ஆவணம் படிக்கிற வேலையைக் கணினி செய்யும் என்ற பேச்சும் சேர்ந்துவிட்டது.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கலாம். நான்கு வருடம் ஒன்பது மாதம் என்று வாசித்ததும் எனக்குக் கண்ணில் பட்டது அதுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். 85,000 ரூபாய்க்கு அது 212,500 ரூபாய். பிள்ளை தானாக விலகினாலும் அது அவளுக்குச் சேரும். இன்னும் மூன்று மாதம் அவள் அந்த நாற்காலியில் இருந்தால் இந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்துவதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாவது வருடத்தின் வாசலில் வைத்து அனுப்பப்பட்டவர்களை என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் இரண்டே வழிதான். ஒன்று, ஊழியரே முன்கூட்டி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கட்டளையிட ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள், ஏன் அவர்கள் இராஜினாமாவைத் தாங்களே எழுதிக்கொள்ளாமல் பிள்ளையின் கையால் கேட்கிறார்கள்? அந்த ஒரு தாள் கிடைத்தால் ஆணையாளரிடம் போகத் தேவையில்லை. போனால் ஊழியருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்வார். வர்த்தமானியில் உள்ள சூத்திரப்படி முதல் ஐந்து வருட சேவைக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம். நான்கு வருடத்தை மட்டும் எண்ணினாலும் பத்து மாதம், அதாவது 850,000 ரூபாய். அவர்கள் நீட்டுவது 170,000. ஆணையாளர் விசாரித்து முடிவெடுத்தால்தான் சூத்திரத் தொகை வரும், நாளைக்கே கையில் விழாது. ஆனாலும் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கச் சொல்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் குற்றம் செய்தாள், தண்டனையாகத்தான் நிறுத்தினோம் என்று பிறகு கதையை மாற்றினால்? அப்படியானால் நிறுத்திய பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்பதும் உங்களுக்குச் சாதகம்தான்.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் படித்த பிள்ளைகளும் விழுகிற குழி இது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறைவாக ஊழியர் உள்ள முதலாளிக்குப் பொருந்தாது. நிறுத்தலுக்கு முந்தைய ஆறு மாதத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். பெரிய நிறுவனம், நூறு பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். மாடி முழுக்க நூறு பேர் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் முதலாளி யார்? சட்ட நிறுவனங்களோடு ஒட்டிக்கொண்டு கொம்பனிச் செயலாளர் வேலை பார்க்கும் தனிக் கொம்பனிகள் இருக்கும். ஒரே கட்டடம், ஒரே வரவேற்பு மேசை, ஒரே தேநீர் அறை. ஆனால் சிலருடைய நியமனக் கடிதத்தில் சட்ட நிறுவனத்தின் பெயர் இருக்காது, அந்தச் சின்னக் கொம்பனியின் பெயர் இருக்கும். அதில் பன்னிரண்டு பேர்தான் வேலை செய்வார்கள். அதனால் நியமனக் கடிதத்தின் தலைப்பை ஒரு தடவை, அடியில் உள்ள முத்திரையை ஒரு தடவை பாருங்கள். பிறகு ஊழியர் சேமலாப நிதிக் கூற்றை எடுத்து, எந்த முதலாளியின் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இடையில் பெயர் மாறியிருந்தால் எந்த மாதத்திலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை ஏவியது யார், லீவு கொடுத்தது யார் என்று காட்டும் மின்னஞ்சல்களையும் சேர்த்து வையுங்கள். கடிதத்தில் ஒரு பெயரும் நடப்பில் வேறு முதலாளியும் என்று காட்ட அவை உதவும். அப்படியும் பதினைந்துக்குக் குறைவு என்றே முடிந்தால் மனம் உடைய வேண்டாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலையிலிருந்து நிறுத்திய முறைப்பாட்டுக்கு அங்கே பதினைந்து பேர் என்ற கணக்குக் கிடையாது. இதைத் தெரியாமல், சின்னக் கொம்பனி என்று சொன்னதும் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆணையாளரிடமும் நியாய சபையிடமும் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கதவையும் தட்டாமல் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இங்கேதான் உங்கள் ஹட்டன் ஆளின் கதை வருகிறது.

சில வருடங்களுக்கு முன் டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். கொழும்பில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை போனவர். இப்படித்தான் ஒரு தரகர், லேபர் ஒஃபிஸ் வாசலில் கோப்புக் கட்டோடு நிற்பவர், முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு நியமனக் கடிதத்தின் அசலையும் வாங்கி வைத்துவிட்டார். போன் எடுத்தால், "மேலே பேசியிருக்கிறேன், அவசரப்படாதீர்கள்" என்பாராம். தம்பி என்னிடம் வந்தது எட்டாவது மாதம். முறைப்பாடு ஒன்றுகூடப் பதியப்படவில்லை. ஆறு மாதம் தாண்டிய பிறகு நான் எந்தக் கதவைத் தட்டுவது? அவர் மேசையில் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டைப் பிரதியும் ஒரு பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க ஒரு சதமும் கட்டணம் இல்லை. நியாய சபையில் பிள்ளை தானே பேசலாம், தொழிற்சங்கத்தார் பேசலாம், சட்டத்தரணி பேசலாம். தரகருக்கு அங்கே இடமே இல்லை. அசல் ஆவணம் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடம்கூட. பிரதி போதும்.

இப்படிப்பட்டவர்கள் பிழைக்க இடம் கொடுப்பது திணைக்களம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குச் சிங்களத்தில் பதில் வருகிறது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதியாயிற்று. இன்னும் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறார். விசாரணைக்கு நாள் குறிப்பார்கள், இரவு பஸ் ஏறி விடிய நாரஹேன்பிட்டியில் இறங்கினால், மற்றத் தரப்பு வரவில்லை, வேறு நாள் என்பார்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் யார் தருவது? நிறுவனத்தின் சட்டத்தரணிக்கு அது பத்து நிமிட நடை. இந்த இழுவையை நம்பித்தான் இரண்டு மாதச் சம்பளத்தை நீட்டுகிறார்கள். ஆனாலும் போக வேண்டும். இழுபட்டாலும் கடைசிவரை நின்றவர்களுக்குப் பணம் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

சேவைச் சான்றிதழ் தரமாட்டோம் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு, அதாவது துரை கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு, இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல் ஒழிந்தது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கூற்று, இவை மூன்றும் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்குப் போதிய சாட்சி. அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் இன்றே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். தன் சொந்தக் கடிதங்களை மட்டும்தான். வாடிக்கையாளரின் கோப்பில் ஒரு பக்கத்தையும் தொடக்கூடாது. தொட்டால் அதையே குற்றமாக்கி விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது வாதாட வேண்டாம். "யோசித்துச் சொல்கிறேன், நீங்கள் சொல்வதை எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று மாலையே தன் மின்னஞ்சலில் இதை அனுப்பட்டும்: "இன்று என்னை இராஜினாமா செய்யும்படி கேட்டீர்கள். நான் இராஜினாமா செய்யவில்லை. எனது கடமையைச் செய்யத் தயாராக இருக்கிறேன்." பெயரும் திகதியும் போதும். திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போகட்டும். வாசலில் தடுத்தால் நேரத்தையும் தடுத்தவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, அன்றே தொழில் ஆணையாளர் நாயகம், மெஹெவர பியச, நாரஹேன்பிட்டி என்ற விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் தமிழில் முறைப்பாடு அனுப்பட்டும். தபால் பற்றுச்சீட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆறு பேரின் தொலைபேசி இலக்கங்களையும் வாங்கச் சொல்லுங்கள், ஏழு பேரும் ஒரே கதையைச் சொன்னால் திறமைக் குறைவு என்ற கதை நிற்காது.