க்ளிக் வேதியியலில் சிவப்பு ஒளிர்சாயம்: கேள்வி பதில்

அசைடு, அல்கைன் என்ற இரு வேதித் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைப்பதே இங்கே க்ளிக் வினை. ஒன்று நாம் காண விரும்பும் மூலக்கூறில் இருக்கும், மற்றது சாயத்தில் இருக்கும்.

கேள்வி: பச்சைச் சாயமே நன்றாக ஒளிர்கிறதே, சிவப்பு எதற்கு?

செல்லில் உள்ள ஃப்ளேவின் போன்ற மூலக்கூறுகள் தாமாகவே பச்சையாக ஒளிரும். உங்கள் சாயத்தின் ஒளி அதில் மூழ்கிவிடும். சிவப்புச் சாயமான சயனின்-5 சுமார் 650 நானோமீட்டர் ஒளியை ஏற்று 670-ஐ ஒட்டி உமிழ்கிறது. அங்கே செல்லின் சொந்த ஒளி மிகக் குறைவு. ஆனால் அந்த நிறம் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடாதீர்கள், கேமராப் படத்தைப் பாருங்கள்.

கேள்வி: சயனின்-5 அசைடா, சல்ஃபோ சயனின்-5 அசைடா?

தூய்மையாக்கிய புரதம் என்றால் சல்ஃபோ வகையே (சல்ஃபோனேட் தொகுதிகள் சேர்ந்தது) என் தேர்வு. நீரில் நன்றாகக் கரையும், கண்ட இடத்தில் ஒட்டாது. ஆனால் அதன் எதிர்மின்னேற்றம் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடக்க விடாது. உள்ளே போக வேண்டுமானால் சிலிக்கான் ரோடமின் வகைச் சாயத்தைப் பாருங்கள்.

கேள்வி: புதிய டிஎன்ஏவைக் காண எடியு (புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேரும், அல்கைன் கொண்ட தைமிடின் போலி) கொடுத்தேன். மூன்று முறை செய்தும் உட்கருவில் நிறமே இல்லை.

முதலில் அஸ்கார்பேட்டைச் சந்தேகியுங்கள். க்ளிக் வினையை நடத்துவது ஒற்றை மின்னேற்றத் தாமிரம்; காப்பர் சல்ஃபேட்டிலிருந்து அதை உண்டாக்குவது சோடியம் அஸ்கார்பேட். அதுவோ கரைத்து வைத்தால் காற்றிலேயே கெட்டுவிடும். சில நாள் பழைய கரைசலை நம்பி நானே ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன். அன்றன்றைக்கு எடை போட்டுக் கரையுங்கள். மஞ்சள் தட்டினால் கொட்டிவிடுங்கள். தாமிரத்தையும் டிஎச்பிடிஏ ஈந்தணைவியையும் (தாமிரத்தோடு பிணைந்து அதைக் காக்கும் மூலக்கூறு) முன்பே கலந்துகொண்டு, அஸ்கார்பேட்டைக் கடைசியில் சேருங்கள். தாங்கல் கரைசலில் இடிடிஏ இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: உயிருள்ள செல்லுக்குத் தாமிரம் நஞ்சல்லவா?

நஞ்சுதான். அதற்காகவே வேதியியலாளர் கரோலின் பெர்டோசி 2004இல் தாமிரம் வேண்டாத வழியைக் காட்டினார்: வளையத்துக்குள் வளைத்து இறுக்கிய அல்கைன், அசைடுடன் தானே இணைந்துவிடும். 2022 வேதியியல் நோபல் பரிசை மெல்டால், ஷார்ப்லெஸ் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். எனக்கு மிகவும் பிடித்த வினை இது. ஆனாலும் வேகம் குறைவு. டிபிசிஓ போன்ற இறுக்கிய அல்கைன்கள் புரதங்களின் தயால்களோடும் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதிகள்) ஓரளவு ஒட்டுவதால், அசைடு கொடுக்காத செல்களையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: என் செல்களில் ஜிஎஃப்பியும் (பச்சை ஒளிர் புரதம்) இருக்கிறது.

தாமிர வினையில் அதன் ஒளி மங்கும். க்ளிக் முடிந்தபின் ஜிஎஃப்பிக்கான எதிர்ப்பொருளால் காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாயத்தை எப்படி வைப்பது?

இருட்டில், மைனஸ் 20 டிகிரியில். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள். சில்லென்று திறந்தால் ஈரம் உள்ளே படியும்.