எட்டுச் சரக்கு ஆறான கதை: கேள்வி பதில்

லியூவெய் திஹுவாங் வான் என்கிற சீனக் குளிகையின் பூர்வீகத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி, எத்தனை உருண்டை சாப்பிடலாம் என்றுதான். பூர்வீகம் கேட்டவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்த ஆறு சரக்குக் குளிகையைக் கண்டுபிடித்தவர் யார், ஐயா?

கண்டுபிடித்தார் என்பதைவிடக் கழித்தார் என்பது சரி. சீனாவின் சொங் அரச காலத்துக் குழந்தை வைத்தியர் சியென் யீ. அவருடைய வைத்திய முறைகளை யான் சியாவ்சொங் 1119இல் நூலாகத் தொகுத்தார். அதில் இதன் பெயர் வெறும் திஹுவாங் வான்; உச்சிக்குழி மூடாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தைகளுக்கு மூன்று உருண்டையை வெந்நீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பது.

மூலம் சுமார் 200ஆம் ஆண்டில், ஹான் காலத்தில் வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்கின் ஷென்ச்சீ வான். எட்டுச் சரக்கு. அதிலிருந்த குய்ஜி (கருவா, அதாவது லவங்கப்பட்டை மரத்துச் சரக்கு), ஃபூசி (நச்சுக் கிழங்கு) இரண்டும் சூடு. குழந்தை உடம்புக்கு ஆகாது என்று சியென் யீ எடுத்துவிட்டார். காய்ந்த திஹுவாங் கிழங்குக்குப் பதிலாக அவித்துப் பதப்படுத்தியதைப் போட்டார். மிச்ச ஆறின் அளவைப் பாருங்கள்: 8, 4, 4, 3, 3, 3. ஜோங்ஜிங்கில் அது லியாங் என்ற பழைய எடை, இவரிடம் சொங் கால லியாங்கில் பத்தில் ஒன்றான சியென். விகிதம் இம்மியும் மாறவில்லை. அப்பன் மூக்கு பிள்ளைக்கு இருக்கிற மாதிரி.

ஜோங்ஜிங் எழுதியது அப்படியே நம் கைக்கு வந்திருக்கிறதா?

வரவில்லை. ஜின்குய் யாவ்லுவே என்று இன்று படிப்பது, அரண்மனை நூலகத்தில் வாங் ஜூ என்பவர் எடுத்த, செல்லரித்த சுருக்கப் பிரதியிலிருந்து வந்தது. 1057இல் சொங் அரசு அமைத்த மருத்துவ நூல் திருத்தகத்தில் லின் யீ குழுவினர் அதைச் செப்பனிட்டார்கள். அதற்குள்ளேயே ஓரிடத்தில் இதே குளிகை 'சுய் வீட்டு எட்டுச் சரக்குக் குளிகை' என்று வருகிறது! சுய் 7ஆம் நூற்றாண்டு ஆள். ஹான் காலத்து நூலுக்குள் அவர் எப்படி நுழைவார்? பின்னால் சேர்த்ததுதான். ஆகவே யாராவது 'மூல நூலில் இருக்கிறது' என்றால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

சர்க்கரைக்கு நல்லதாமே?

குடித்தது ஒரு தோவ் (பழைய முகத்தலளவு), சிறுநீராகக் கழித்தது ஒரு தோவ் என்று தாகநோயாளியைப் பற்றி ஜின்குய் சொல்லி, எட்டுச் சரக்குக் குளிகையைச் சொல்கிறது. அது நூல் செய்தி. உங்கள் சர்க்கரைக்கு உங்கள் டாக்டர்.

அந்த எட்டுச் சரக்குக் குளிகையை வீட்டிலேயே தேன் விட்டு உருட்டலாமா?

கூடாது. ஃபூசி என்பது நம்மூர் வச்சநாபியின் இனம். நஞ்சு நீக்கும் சுத்தி சரியில்லை என்றால் இதயம் நின்றுவிடலாம்.

குய்ஜி என்றால் கருவாக் குச்சி. நீங்கள் போன தடவை பட்டை என்று எழுதியது தவறு, அண்ணே.

வாங்க தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தேன். இன்றைய மருந்துக்கடையில் குய்ஜி குச்சிதான். ஆனால் ஜோங்ஜிங்கின் குறிப்புகளில் குய்ஜிக்குப் பக்கத்தில் 'தோல் நீக்கி' என்று இருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத குச்சியில் தோலைச் சீவினால் மிஞ்சுவது விறகு. தடித்த பட்டையின் மேல்சொரியைச் சுரண்டுவது என்றால் பொருள் வருகிறது. 1972இல் வூவெய் கல்லறையில் கிடைத்த ஹான் காலத்து மருத்துவ ஏடுகளில் வெறும் 'குய்'. 7ஆம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவ் இதே எட்டுச் சரக்கில் குய்சின், அதாவது உள்பட்டை, இரண்டு லியாங் போடுகிறார். லின் யீ குழு எல்லாவற்றையும் குய்ஜி என்று ஒரேமாதிரி ஆக்கிவிட்டது என்பது என் கட்சி.

சுன் சிமியாவ் நூலைத் திருத்தியதும் அதே லின் யீதானே? அங்கே ஏன் விட்டுவைத்தார்?

நல்ல அடி. ஆனால் அங்கே விட்டுவைத்ததால்தான் இங்கே பிடிபட்டார் என்கிறேன். ஒரே குளிகையின் ஒரே சரக்குக்கு ஒரே மேசையில் இரண்டு பெயர்.

பழைய லியாங் எத்தனை கிராம்?

ஹான் லியாங் ஏறக்குறைய 15 கிராம். 16ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் 'பழைய ஒரு லியாங்குக்கு இன்று ஒரு சியென்' என்று குறைத்தார். குளிகைக்கு விகிதம் தெரிந்தால் போதும்; சண்டையெல்லாம் கஷாயத்துக்கு.

சார், சர்க்கரைக்குக் காலையில் எத்தனை உருண்டை?

மேலே மூன்றாவது கேள்வி.

குச்சியைச் சீவிப் பார்த்தேன் அண்ணே, உள்ளேயும் வாசனை இருக்கிறது.

படம் அனுப்புங்க தம்பி. எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்றும் அளந்து சொல்லுங்க.