பெயரோடு ‘ஸன்’ சேர்க்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அடுத்த வாரம் ஒசாகா வாடிக்கையாளர்களுடன் முதல் காணொளிக் கூட்டம். ஜப்பானிய மொழி வகுப்பில் ‘வதஷி வ செல்வம் ஸன் தெஸ்’ என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் ஆசிரியை சிரித்துவிட்டார். மரியாதையாகத்தானே சொன்னேன்? என் வேலையை எப்படிச் சொல்வது? மேலாளர் குமாரையும் நான்தான் அறிமுகப்படுத்த வேண்டும்.
- செல்வம், சென்னை

பதில்: தொலைபேசியை எடுத்து, “செல்வம் அவர்கள் பேசுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியை ஏன் சிரித்தார் என்பது புரிந்துவிடும். ‘ஸன்’ என்ற மரியாதைச் சொல் பிறருக்கு நாம் கொடுப்பது. நமக்கு நாமே சூட்டிக்கொள்வதில்லை. ஆசிரியரை மரியாதையாக அழைக்கும் ‘ஸென்ஸே’யும் அப்படித்தான். பள்ளி ஆசிரியர் தன் தொழிலைச் சொல்லும்போது ‘க்யோஷி’ என்பார்.

‘நான்’ என்று பொருள்படும் ‘வதஷி வ’ என்பதையும் விட்டுவிடுங்கள். பேசுவது நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் சந்திப்பில் சொல்லும் ‘ஹஜிமெமஷ்தெ’ என்ற வணக்கத்தோடு தொடங்கி, நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ‘நொ செல்வம் தொ மோஷிமஸ்’ என்று முடியுங்கள். ‘இந்த நிறுவனத்துச் செல்வம்’ என்று பொருள். ‘தெஸ்’ஸைவிட ‘மோஷிமஸ்’ பணிவானது. நம்மூரில் ஊர்ப்பெயர் முன்னால் வருவதுபோல் அங்கே நிறுவனம் முன்னால் வரும். உங்கள் பெயர் அவர்கள் வாயில் ‘ஸெருபமு’ ஆகலாம். அவர்கள் மொழியில் லகரமும் இல்லை, சொல் மகர மெய்யில் முடிவதும் இல்லை. திருத்த வேண்டாம்.

வேலைக்கு ‘தெஸ்தொ ஒ தன்தோ ஷிதெ இமஸ்’ போதும்: ‘டெஸ்டிங்கைப் பொறுப்பாகப் பார்த்துவருகிறேன்’. ‘சீனியர்’, ‘லீட்’ போன்ற பட்டங்களைவிட, எந்தப் பொறுப்பு உங்களுடையது என்பதுதான் அவர்களுக்குத் தேவை. ‘ஒ’ நம் ‘ஐ’ உருபு. ‘ஷிதெ இமஸ்’ கிட்டத்தட்ட நம் ‘செய்து இருக்கிறேன்’. வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழகியதே. ஆகவே ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காதீர்கள். தமிழிலிருந்தே நேராகப் போங்கள். குறில் நெடிலில் மட்டும் கவனம் வேண்டும். ‘தன்தோ’வின் ‘தோ’வைக் குறுக்கிவிடாதீர்கள்.

உண்மையான சோதனை உங்கள் மேலாளர்தான். ‘கொச்சிர வ மனேஜா நொ குமார் தெஸ்’ (இவர் மேலாளர் குமார்) என்றுதான் அறிமுகப்படுத்த வேண்டும். குமாருக்கும் ‘ஸன்’ கிடையாது! அலுவலகத்துக்குள் அவர் ‘குமார் ஸன்’ தான். வெளியாரின் முன்னால் உங்கள் நிறுவனம் முழுவதும் ‘நாம்’ ஆகிவிடுகிறது. நம்மை நாமே உயர்த்திச் சொல்லக்கூடாது. யார் முன்னாலும் மேலாளரை ‘அவர்’ என்றே பழகிய நம் நாக்குக்கு இது கூசும். எனவே கூட்டத்துக்கு முன்பே குமாரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்துவிடுங்கள். அவருக்கு ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

முடிவில், அறிமுகத்தைப் பணிவாக நிறைவு செய்யும் ‘யொரொஷிகு ஒநெகை ஷிமஸ்’. இதற்குச் சரியான தமிழ் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சொல்லி முடித்து, கேமராவைப் பார்த்துத் தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள், அவர்களும் தாழ்த்துவார்கள்.