மர்ஸ்பான் நாற்காலி

கேள்வி: பழைய ஆர்மீனியாவை ஆள பாரசீகப் பேரரசு அனுப்பிய ‘மர்ஸ்பான்’கள் எல்லாருமே பாரசீகர்கள்தானா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: இல்லை. எனக்குப் பிடித்த இருவர், வாசக்கும் வாஹானும், ஆர்மீனியர்கள். பிடித்தவர் என்று வாசக்கைச் சொன்னால் ஆர்மீனியர்கள் என்னை அடிக்க வருவார்கள், பரவாயில்லை.

அந்த நாற்காலியை வரவழைத்ததே ஆர்மீனியப் பிரபுக்கள்தான். தங்கள் ராஜா அர்தாஷேஸைப் பிடிக்காமல், பேரரசர் ஐந்தாம் பஹ்ராமிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அவர் 428இல் ராஜாவை இறக்கினார். வேறு ராஜாவை ஏற்றவில்லை, மர்ஸ்பானை, அதாவது எல்லைக்காவலரை, அனுப்பிவிட்டார். முதலில் வந்த வே மிஹ்ர் ஷாபுர் பாரசீகர்.

அடுத்தவர்தான் வாசக், சியுனிக் பிரபு. அவர் காலத்தில் பேரரசர் இரண்டாம் யஸ்டகர்ட், கிறிஸ்தவத்தை விட்டு, தீயைப் புனிதமாக வணங்கும் ஜொராஸ்ட்ரிய மதத்துக்கு மாறுங்கள் என்று உத்தரவிட்டார். நாடு கொதித்தது. வாசக்கும் முதலில் கலகக்காரர்களோடு சேர்ந்தார், அப்புறம் பாரசீகர் பக்கம் போனார். 451இல் அவராயர் போரில் கலகக்காரர்களின் தளபதி வர்தான் மாமிகோனியன் இறந்தார். அவர் இன்று புனிதர். வாசக்கோ துரோகி. அவருடைய மகன்கள் பாரசீக அரசவையில் பிணையாக இருந்ததை மறந்துவிட்டு நான் அவரைத் திட்டத் தயாரில்லை. சரி, கட்சி மாறியதற்குப் பரிசாவது கிடைத்ததா? பேரரசர் கூப்பிட்டு விசாரித்தார், வரிப்பாக்கி வரை தோண்டினார்கள். பாரசீகச் சிறையிலேயே செத்தார்.

இன்னொருவர் வாஹான், வர்தானின் தம்பி மகன். 481இல் கிளம்பிய கலகத்துக்குத் தலைமை தாங்கினார். அவருக்கு நேரம் கைகொடுத்தது: 484இல் பேரரசர் பெரோஸ் கிழக்கே ஹெப்தலைட்டுகள் என்ற மத்திய ஆசிய இனத்தாரோடு நடந்த போரில் மாண்டார். ஒடிந்துபோய்க் கிடந்த அரசை ஏற்ற பலாஷுக்குச் சமாதானம் அவசரமாகத் தேவைப்பட்டது. நுவர்சாக் என்ற ஊரில் பேச்சு நடந்தது. அக்கினிப் பீடங்களை அகற்ற வேண்டும், கட்டாய மதமாற்றம் கூடாது என்றார் வாஹான். ஒப்புக்கொண்டார்கள். மறுவருடம் கலகக்காரரையே மர்ஸ்பான் ஆக்கிவிட்டார்கள்!

கேள்வி: அந்தப் பெயர் இப்போது எங்காவது மிச்சம் இருக்கிறதா? (அதே வாசகர்)

பதில்: இருக்கிறது. இன்றைய ஆர்மீனியாவில் மாகாணத்துக்குப் பெயர் ‘மர்ஸ்’. யெரெவான் நகரத்தைத் தவிர பத்து மர்ஸ்கள். அங்கே ஆளுநரை ‘மர்ஸ்பெட்’ என்கிறார்கள்.